எந்தக் கணக்கிலும் சேராத ஐந்து பேர்

நாள் 141 — 07:00

செவ்வாய்ச் சுற்றுப்பாதை, கூட்டு மருத்துவ நிலையம். பொறுப்பு மருத்துவர் ரெஜினா கொரைரா. நிலையத்தில் ஆள்: ஒன்று.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கரியமில வாயு 0.4 சதவீதம். மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் இன்னும் முப்பது நாள் தாங்கும். என்னோடு இருந்த பொறியாளர் முறை முடிந்து கீழே இறங்கிவிட்டார். அடுத்தவர் நாள் 170இல் புதுப் பெட்டிகளோடு விண்ணோடத்தில் வருவார்.

மூன்று குடியிருப்புகளின் அன்றாட நோயாளர் பட்டியல் வந்தது. நெய்தல், 640 பேர்: ஒரு கை முறிவு. வடமுனை, 1,100 பேர்: பல்வலி இரண்டு. செம்பாறை, 2,300 பேர்: காய்ச்சலுடன் இருமல் மூன்று. மூவரும் சுரங்கத் துளைப்புப் பிரிவு.

ஒப்பந்தப்படி ஒரு குடியிருப்பின் எண்களை மற்றதற்குச் சொல்லக் கூடாது. மூன்றையும் பார்க்கும் ஒரே ஆள் நான்.

செம்பாறைத் தண்ணீர்ப் பிரிவில் என் தம்பி டாமியன் ஃபிட்டராக இருக்கிறான். நலமாக இருக்கிறான். இது பட்டியலில் இல்லை, நானாக எழுதுகிறேன்.

நாள் 149 — 11:30

மூன்று இடத்திலும் அதே இருமல். மூன்று இடத்துச் சளி மாதிரிப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே வைரஸ். இருபது நாளுக்கு முன் செம்பாறையில் ஆண்டுச் சந்தை நடந்தது, மூன்று ஊர்க்காரர்களும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். அங்கிருந்துதான் பரவியிருக்க வேண்டும்.

ஒட்டியபின் ஒன்பது நாள் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் நான்காம் நாளிலிருந்தே மூச்சில் வெளியே வருகிறது. கீழே எல்லோரும் குழாய் வழியாக ஒரே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கிறார்கள். ஒரு பிரிவில் இருமினால் அடுத்த பிரிவில் படுப்பார்கள்.

மூன்று அரசுகளுக்கும் ஒரே ஆலோசனை அனுப்பினேன். பிரிவுகளுக்கு இடையிலான காற்றுக்குழாயை அடையுங்கள். வெளியிலிருந்து வருகிறவரை ஒன்பது நாள் தனியே வையுங்கள். உண்மையான எண்ணிக்கையைத் தினமும் மக்களுக்குச் சொல்லுங்கள்.

பூமிக்கும் அனுப்பினேன்.

நாள் 151 — 16:05

பூமியின் பதில்: “குடியிருப்புகளின் சுகாதாரம் அந்தந்தக் குடியிருப்பு அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலையம் ஆலோசனை மட்டும் வழங்கலாம்.”

செய்தி வந்துசேர இருபது நிமிடம் போதும். இந்த இரண்டு வாக்கியத்தை எழுத அவர்களுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

நாள் 152 — 12:40

முதல் கூட்டு அழைப்பு. மூன்று மணி நேரம்.

செம்பாறை நிர்வாகி ஹரிகோவிந்தன் முதலில் பேசினார். கனிமக் கப்பல் ஏற்றுவதற்கு இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது, ஏற்றாவிட்டால் பூமி தானியம் அனுப்பாது, காய்ச்சலில் சாகிறவர்களைவிடப் பசியில் சாகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்றார். இதில் உண்மை இருக்கிறது. அடுத்து, அங்கே இறந்த நான்கு பேரும் இதய நோயாளிகள் என்றார். இதில் இல்லை. நால்வருடைய நுரையீரல் படமும் என்னிடம் இருக்கிறது.

வடமுனைத் தளபதி ஸ்டெபான் ஓர்லிக் சுருக்கமாகப் பேசினார். நோய் இருக்கும் பிரிவைப் பூட்டிவிடுவோம், தொண்ணூறு பேருக்காக ஆயிரம் பேரைக் கொடுக்க முடியாது என்றார். பூட்டிய பிரிவுக்குள் மருந்து எப்படிப் போகும் என்று கேட்டேன். அது உள்நிர்வாகம் என்றார்.

நெய்தல் மன்றத் தலைவி உலகம்மை நான் எழுதியதை அப்படியே செய்யத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். குழாய்கள் அடைத்தாயிற்று, சாப்பாடு கதவுக்குப் போகிறது, காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் எண்ணிக்கையைப் படிக்கிறார்கள். நெய்தல் சின்ன ஊர், அதனால் முடிகிறது, எங்களுக்கு முடியாது என்று மற்ற இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன்பின் யார் வழி சரி என்ற வாதம். எந்த வழியில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

நாள் 157 — 09:15

இன்றைய எண்கள். எனக்கு மட்டும் தெரிந்தவை.

நெய்தல்: நோயாளிகள் 14, இறப்பு 1.
வடமுனை: நோயாளிகள் 71, இறப்பு 19.
செம்பாறை: பட்டியலில் நோயாளிகள் 0. ‘சோர்வு’ என்ற புதுத் தலைப்பின் கீழ் 212. இறப்பு 38, அத்தனையும் ‘இதயம்’.

முப்பத்தெட்டு இதயங்கள் ஒரே மாதத்தில் நின்றிருக்கின்றன. அதில் ஒருவருக்கு வயது இருபத்திரண்டு.

நோயின் பெயரை எழுதக்கூடாது என்று அங்குள்ள மருத்துவர்களுக்கு எழுத்து வடிவில் உத்தரவு போயிருக்கிறது. அதன் நகலை அவர்களில் ஒருவர் பல் பரிசோதனைக் கோப்புக்குள் ஒளித்து எனக்கு அனுப்பினார்.

நாள் 158 — 13:00

டாமியன் பேசினான். குரல் நன்றாகத்தான் இருந்தது. துளைப்புப் பிரிவில் இருமுகிறவர்களுக்கு மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி வேலைக்கு அனுப்புகிறார்களாம். அவன் மனைவி செலின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். தட்டுகள் நிறைய மிச்சமாகின்றன, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று அவள் சொன்னாளாம்.

“அக்கா, மத்த ஊர்லயும் இப்படித்தானா? இல்ல இங்கன மட்டுந்தானா? அத மட்டும் சொல்லிரு.”

சொல்லக் கூடாது என்றேன்.

“சரி. நீ சொல்ல மாட்டேங்குததே பதில்தான்.”

பொறுப்பு மருத்துவராக நான் ஒப்பந்தத்தைக் காத்தேன். என் கையை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நாள் 160 — 10:20

வடமுனையில் நேற்று முன்தினம் ‘ஆ’ பிரிவின் கதவை வெளியிலிருந்து பற்றவைத்துவிட்டார்கள். பூட்டவில்லை, உருக்கி ஒட்டிவிட்டார்கள். உள்ளே தொண்ணூற்று நான்கு பேர். தண்ணீர் போகிறது. சாப்பாடு கழிவுத் திறப்பு வழியாக ஒரு நாளைக்கு ஒரு முறை. மருந்து போகவில்லை.

நடந்தது இதுதான். மற்றப் பிரிவுகளில் இருமல் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மறைக்கத் தொடங்கிவிட்டார்கள். சொன்னால் தங்கள் கதவுக்கும் நெருப்பு வரும் என்று தெரியும். இரண்டு நாளில் இன்னும் மூன்று பிரிவுகளில் நோய். தொண்ணூறு பேரைக் கொடுத்து ஆயிரம் பேரைக் காப்பாற்றுகிறேன் என்ற கணக்கு தப்பாகிவிட்டது. தளபதியிடம் அதைச் சொன்னேன். அடுத்த கதவுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன் என்றார்.

நாள் 162 — 15:30

இரண்டாவது கூட்டு அழைப்பு. நான் ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். மூன்று பேருடைய எண்களையும் ஒரே தாளில் மூவருக்கும் காட்ட அனுமதியுங்கள். எது வேலை செய்கிறது, எது கொல்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹரிகோவிந்தன் மறுத்தார். எண்கள் வெளியே போனால் வேலை நிற்கும். ஓர்லிக் மறுத்தார். எதிரிக்குத் தன் பலவீனத்தைக் காட்ட மாட்டாராம். எதிரி யார் என்று கேட்டேன். அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்.

உலகம்மை ஒப்புக்கொள்வார் என்று நம்பியிருந்தேன்.

“டாக்டர், நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. ஆனா இங்க பதினாலு பேருதான்னு தெரிஞ்சா, அத்தன பேரும் எங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க. எங்க காத்து எங்களுக்கே அளவாத்தான் இருக்கு.”

அவரும் மறுத்தார். மூன்று அரசுகள், மூன்று காரணங்கள். தம் மக்களுக்கு எல்லாவற்றையும் சொல்லும் நல்ல அரசு, அடுத்த ஊர் மக்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்கிறது.

கத்திவிட்டேன். பதிவில் இருக்கும். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. வருத்தமும் இல்லை.

நாள் 165 — 08:00

இன்றுமுதல் பூமிக்கும் நமக்கும் நடுவில் சூரியன். நாள் 184 வரை தொடர்பு இல்லை. பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

செம்பாறையில் இறப்பு 97.

நாள் 166 — 14:10

டாமியன். இம்முறை செம்பாறையிலிருந்து அல்ல, ஓடும் ஊர்தியிலிருந்து.

பதினோரு பேர் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர்ப் பிரிவின் பழுதுபார்க்கும் வண்டி. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நெய்தலுக்குப் போகிறார்கள். அங்கே ஆள் சாகவில்லை என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. வண்டியில் நான்கு நாள் காற்று, இரண்டு நாள் ஓட்டத்திலேயே போய்விட்டது. நாளை காலை போய்ச் சேர்வார்கள்.

யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று பேருக்கு என்றான். உனக்கு என்று கேட்டேன்.

“எனக்கு என்ன. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ அந்த நெய்தல் தலைவி அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி.”

நாள் 167 — 10:50

வந்துவிட்டார்கள். நெய்தலின் நான்காம் வெளிக்கதவுக்கு முன்னால் வண்டி நிற்கிறது. மேலிருந்து படம் எடுத்தேன். சிவந்த மண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி.

கதவு திறக்கவில்லை. உலகம்மை எனக்கே என் ஆலோசனையைப் படித்துக்காட்டினார். வெளியிலிருந்து வருகிறவரை ஒன்பது நாள் தனியே வைக்க வேண்டும். நெய்தலில் இருக்கும் தனியறைகள் பதினான்கிலும் அவர்களுடைய ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஆகவே ஒன்பது நாளும் வெளியே இருக்கட்டும் என்கிறார். வண்டியில் ஒரு நாள் காற்றுதான் இருக்கிறது.

அந்த விதியை எழுதியது நான். அறை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதத் தவறியதும் நான்.

நாள் 167 — 17:30

நெய்தல் மன்றம் கூடியது. எழுபத்தொன்பது பேர். ஒலிபெருக்கி வழியாக என்னைப் பேசவிட்டார்கள்.

கதவைத் திறக்க வேண்டாம் என்றேன். வண்டியின் வெளித்தொட்டிக்கு ஒரு காற்றுக்குழாய் மாட்டினால் போதும். ஒருவழி அடைப்பான். காற்று வெளியே போகும், ஒரு துளிகூட உள்ளே வராது. ஒன்பது நாள் அவர்கள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு ஃபிட்டர்கள், முக்கால் மணி நேர வேலை. உள்ளே என் தம்பி இருக்கிறான் என்பதையும் சொன்னேன். மறைத்துப் பேச விருப்பமில்லை.

குழாயால் ஆபத்து இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு மூன்றரை மணி நேரம் வாதாடினார்கள். பதினோரு பேருக்குக் கொடுத்தால் நாளை நூறு பேர் வருவார்கள். கொடுக்காவிட்டால் நாம் யார். செம்பாறை அரசு செய்த தப்புக்கு நாம் ஏன் காற்று கொடுக்க வேண்டும். செம்பாறை அரசு செய்த தப்புக்கு அந்தப் பதினோரு பேர் ஏன் சாக வேண்டும். ஒருவர் அழுதார். ஒருவர் மூன்று அரசுகளின் கொள்கைகளையும் ஒப்பிட்டு இருபது நிமிடம் பேசினார், நன்றாகவே பேசினார்.

ஐந்தரை மணிக்கு மன்ற நேரம் முடிந்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாளை காலை ஒன்பதுக்கு ஒத்திவைப்பு.

ஒத்திவைப்பு.

செம்பாறை பொய் சொல்லிக் கொன்றது. வடமுனை பற்றவைத்துக் கொன்றது. இவர்கள் எல்லா நியாயத்தையும் பேசி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நாள் 168 — 06:20

டாமியனைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வேறொரு ஆள் எடுத்து எல்லோரும் தூங்குவதாகச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

எண்களை வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவை மீறுகிறேன். முழு நினைவோடு, தனியாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல். பெயர்: ரெஜினா கொரைரா.

நாள் 168 — 06:45

மூன்று குடியிருப்புகளின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் நேரடியாகப் பேசினேன். அவசர அலைவரிசையைத் திறக்கும் சாவி நிலையத்திடம் இருக்கிறது. விண்கல் விழுந்தால் எச்சரிப்பதற்காகக் கொடுத்தது.

ஒவ்வொரு ஊரின் உண்மையான எண்ணையும் படித்தேன். செம்பாறையின் இதயங்களை நோய் என்றேன், மருத்துவர்களுக்கு வந்த உத்தரவை வாசித்தேன். வடமுனையின் ‘ஆ’ பிரிவில் இன்னும் ஐம்பத்திரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், கதவை அறுத்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள் என்றேன். நெய்தலின் நான்காம் கதவுக்கு வெளியே பதினோரு பேர் மூச்சுக்காக நிற்கிறார்கள், அதைப் பற்றி ஒன்பது மணிக்குப் பேசப்போகிறார்கள் என்றேன்.

மூன்று முறை படித்தேன்.

நாள் 168 — 08:10

நெய்தல், காற்றுக்கூடத்தின் இரண்டு ஃபிட்டர்கள் யாரையும் கேட்காமல் வெளியே போய்க் குழாயை மாட்டிவிட்டார்கள். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாள் 168 — 08:35

வண்டியிலிருந்து செலின் பேசினாள். ஆறு பேருக்கு மூச்சு இருக்கிறது. அவர்களில் அவளும் ஒருத்தி. இருமிய மூவரும் இல்லை. வண்டி ஓட்டிய பெண் இல்லை.

“மைனி, அவுக நேத்து மத்தியானமே போயிட்டாவ. அவுகளுக்கும் இருமல்தான். கிளம்புததுக்கு முன்னாடியே இருந்துது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. சொன்னா, அக்கா எழுதுன சட்டத்த அக்காவே மீறணும், பாவம்னாவ.”

நேற்று மத்தியானம். மன்றம் அப்போதுதான் கூடியிருந்தது. எனக்குப் பேச நேரம் கொடுத்ததற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேற்கொண்டு எழுத இயலவில்லை.

நாள் 171 — 12:00

எழுத வேண்டியவை:

வடமுனையில் ‘ஆ’ பிரிவின் கதவை அடுத்த பிரிவுக்காரர்களே அறுத்துத் திறந்தார்கள். பற்றவைக்க வந்த ஆட்களில் இருவர் அறுக்கவும் உதவினார்களாம். நாற்பத்தேழு பேர் வெளியே வந்தார்கள். செம்பாறையில் துளைப்புப் பிரிவு வேலைக்குப் போகவில்லை. தங்கள் குழாய்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். இதன் பலன் எண்களில் தெரிய ஒன்பது நாள் ஆகும்.

நேற்று வர வேண்டிய ஓடம் வரவில்லை.

இன்று மூன்றாவது கூட்டு அழைப்பு. என்னைச் சேர்க்கவில்லை. முடிவை மட்டும் அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் ஒன்றிலும் ஒத்துப்போகாத மூன்று அரசுகளும் முதல்முறையாக ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டிருக்கின்றன: “மருத்துவ நிலையம் பொது அமைதியைக் குலைத்தது. அவசர அலைவரிசைச் சாவி ரத்து செய்யப்படுகிறது. விசாரணை முடியும்வரை நிலையத்துக்கான ஓடப் பயணங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன.”

மூன்று கையெழுத்து. மூன்றாவது உலகம்மையுடையது.

நாள் 176 — 09:40

கரியமில வாயு 1.9. தலைவலி. பெட்டிகளை வெயிலில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தப் பார்த்தேன். பாதிதான் பலன்.

ஓடம் கேட்டு மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன். செம்பாறை: இம்மாத முறை வடமுனையுடையது. வடமுனை: ஓட்டுநர் நெய்தல்காரர், அவர்களைக் கேட்கவும். நெய்தல்: மன்றத்தில் வைக்கப்படும்.

குழாய் மாட்டிய ஃபிட்டர்கள் இருவரும் ஓடத்தைத் தாங்களே எடுத்து வர முயன்றிருக்கிறார்கள். அவர்களைக் காவலில் வைத்துவிட்டார்கள். இதைச் செலின் சொன்னாள். அவளை இன்னும் வண்டியிலேயேதான் வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் ஆகவில்லை.

நாள் 181 — 11:15

5.8. எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. உட்கார்ந்தபடியே இருக்கிறேன், அசைந்தால் மூச்சு வாங்குகிறது.

நாள் 184இல் பூமித் தொடர்பு திரும்பும். அதற்குள் என்னிடமிருந்து அறிக்கை போக வேண்டுமாம். ஓடம் அனுப்ப முடியாதவர்களில் இருவர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

ஹரிகோவிந்தன்: “மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் எங்கள் இறப்பு வடமுனையைவிடக் குறைவு என்பதை அறிக்கையில் தெளிவுபடுத்தவும்.”

ஓர்லிக்: “எண்ணிக்கை தணிந்ததற்குக் காரணம் ஆரம்பகாலக் கடும் நடவடிக்கையே எனச் சான்றளிக்கவும்.”

சான்று கேட்கிறார்கள். என்னிடம். மூச்சை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், என் மூச்சை.

நாள் 182 — 10:05

7.6.

உலகம்மை தானே பேசினார். குரல் தணிந்திருந்தது. ஓடத்தைப் பற்றி மன்றத்தில் இன்னும் இரண்டு பேர் பேச வேண்டியிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

“டாக்டர், கதவுக்கு வெளிய செத்த அஞ்சு பேர எங்க கணக்குல ஏத்திராதீங்க. அவங்க எங்க ஊர் ஆளு இல்லல்லா. எங்களுக்கு மொத்தமே ரெண்டு சாவுதான்.”

செம்பாறையிடம் கேட்டேன். எல்லையைத் தாண்டிப் போனவர்கள் எங்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று ஏற்கனவே பெயரை அடித்துவிட்டார்களாம்.

நாள் 183 — 13

நாளை வரை இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அறிக்கை தயார். தொடர்பு வந்ததும் தானாகப் போகும்படி வைத்துவிட்டேன். ஒரு எண்ணையும் திருத்தவில்லை. யாருக்கும் சான்று இல்லை. எந்த அரசு சிறந்தது என்று நீங்கள் பூமியில் உட்கார்ந்து வாதாடுங்கள். ஒத்திவைத்து ஒத்திவைத்து வாதாடுங்கள். உங்களுக்குக் காற்று இருக்கிறது.

கணக்கில் இல்லாதவர்களை மட்டும் கையால் எழுதுகிறேன். படிவத்தில் இடம் இல்லை. இங்கே.

ஒன்று. பசும்பொன் ராக்கப்பன், 51, பம்ப் ஓட்டுநர். செம்பாறை.

இரண்டு. லோரா மிக்கேல், 44, வண்டி ஓட்டியவர். செம்பா

மூன்று. நயீமா பேகம் 29

நான்கு, ஏசுவடியான், வயது தெரியாது செலினைக் கேட்க வேண்டும்

ஐந்து. டாமியன் கொரைரா. 38. ஃபிட்டர். எந்த அரசு என்ற இடத்தில் என்ன எழு